இடம் காணாமல் வெட்டிய சொல்

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு முதல் ரெலிபோன் வந்தபோது வசந்தமலர் தபால்களைத் திகதிப்படி அடுக்கிக்கொண்டிருந்தாள். கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில் ஒரு கார்ப்பற் கடைக்கு மேலே இரண்டு அறைகள்தான் அலுவலகம். கீழ்க்கதவில் பெர்னடெற் குவின்லன், ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினர் என்று ஆங்கிலத்தில் ஒரு பலகை. 1994 மே மாதம் இருபத்தெட்டாம் திகதி. தேர்தலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

"பிள்ளை, நான் அம்பலவாணன் கதைக்கிறன், குட்மேய்ஸில இருந்து."

"சொல்லுங்கோ அண்ணை."

"நோட்டீஸ் கிடைச்சுது. வீட்டில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினனான். அந்த மனுசிக்கு என்ர நன்றியைச் சொல்லு. பத்து வருசமா இந்த நாட்டில இருக்கிறன், ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. இவ திறந்திட்டா."

"என்னத்துக்கு அண்ணை?"

"சமஷ்டிக்கு. எங்கட நாட்டில கூட்டாட்சி வேணும் எண்டதுக்கு. வேற என்னத்துக்கு? வோட்டுப் போடுற வியாழக்கிழமை மூண்டு வான் ஒழுங்கு செய்யிறன். ஒரு சனம் வீட்டில இருக்காது."

அம்பலவாணன் கொடிகாமத்தில் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்தவர். வான் என்றால் வான் வரும், சொன்ன நேரத்துக்கு வரும். சந்தோசப்பட வேண்டிய செய்திதான். ஆனால் ரெலிபோனை வைத்த பிறகும் வசந்தமலரின் கை அதன் மேலேயே இருந்தது. அது மறுபடி அடித்தது.

"உங்கட வெள்ளைக்கார அம்மாவிட்டச் சொல்லுங்கோ, எங்கட வீட்டு ஏழு வோட்டும் இல்லை எண்டு." இந்தமுறை யோகராஜா என்ற இளம் பெடியன், பக்கத்துத் தெருக்காரன். "சமஷ்டியாம். அந்தக் கதை எல்லாம் முடிஞ்சு எவ்வளவு காலம். தனிநாடு எண்டு வெளிக்கிட்டு இவ்வளவு சனம் செத்தது திரும்ப அதில வந்து நிக்கவோ? ரெய்னர்ஸ் லேனில இருந்து என்ர மச்சானும் எடுத்துப் பேசினவன்."

"ரெய்னர்ஸ் லேன் எங்கட தொகுதியே இல்லைத் தம்பி."

"கோவம் வரத் தொகுதி வேணுமோ அக்கா?"

அவள் மேசையில் இருந்த தமிழ் நோட்டீஸை எடுத்தாள். அவளே மொழிபெயர்த்தது, அவளே ஒப்பு நோக்கியது. மூன்றாம் மடிப்பில், பெர்னடெற்றின் படத்துக்குக் கீழே: "நான் சமஷ்டியை ஆதரிப்பவள். அதை எங்கும் மறைத்ததில்லை. சிறிய மக்கள் இனமும் பெரிய மக்கள் இனமும் சமமாக அமர்ந்து பேச அது ஒன்றே வழி."

கோப்பிலிருந்து தன் கைப்பிரதியை எடுத்துப் பார்த்தாள். பிரதி வைக்காமல் அவள் எதையும் அனுப்புவதில்லை. அங்கே அந்த வசனம் "ஐரோப்பாவில்" என்று தொடங்கியிருந்தது. அந்தச் சொல்லின் மேல் பென்சிலால் நேரான ஒரு கோடு. அந்தக் கோடும் அவள் போட்டதுதான். ஆங்கிலத்தில் ஒன்பது வரிக்குள் அடங்கியது தமிழில் பத்து வரிக்குப் போய்விட்டது. மடிப்பில் இடம் காணவில்லை, ஒரு வரி வெளியே நின்றது. தலைப்பிலே ஐரோப்பியத் தேர்தல் என்று கொட்டை எழுத்தில் இருக்குத்தானே என்று நினைத்து ஒரே ஒரு சொல்லை வெட்டினாள். வரி ஒன்பதாக வந்துவிட்டது. வடிவாக இருந்தது.

*

வசந்தமலர் எண்பத்துநாலில் வந்தவள். கணவன் தியாகராஜா ஒரு பேக்கரியில் ஷிப்ட் வேலை. வந்து ஒரு வருடத்தில் அவள் பெர்னடெற்றுக்கு ஒரு கடிதம் எழுதினாள். சகோதரி ஜேர்மனியில் டோர்ட்முண்டில், தம்பி பாரிஸில், தான் லண்டனில். மூன்று பேரிடமும் மூன்று நாட்டு வதிவிட அனுமதித் தாள். ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு மற்றவர் போக ஏலாது. இதைச் சாவகச்சேரியில் பள்ளிக்கூடத்தில் பழகின முறைப்படி, ஒன்றிலிருந்து ஒன்பது வரை இலக்கமிட்டு, ஒரு பந்திக்கு ஒரு விசயமாக எழுதியிருந்தாள். பெர்னடெற் பதில் போடவில்லை. நேரிலே வந்து கதவைத் தட்டினார்.

"இந்தக் கடிதத்தை எழுதியது எந்த வழக்கறிஞர்?"

"நான்தான் எழுதினேன்."

"அப்படியானால் கிழமையில் மூன்று நாள் எனக்கு எழுத முடியுமா?"

ஏன் அப்படிக் கேட்டார் என்பது பிறகுதான் விளங்கியது. பெர்னடெற் அரசியலுக்கு வந்ததே தாள்களுக்குள்ளால். ரில்பரித் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் பதினாலு வருடம் படிவம் நிரப்பியவர். ஒரு லொறி வெங்காயம் கடலைத் தாண்ட எத்தனை தாள், எத்தனை முத்திரை, ஒரு முத்திரை கோணலாக விழுந்தால் வெங்காயம் எத்தனை நாளில் அழுகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மற்ற அரசியல்வாதிகள் ஐரோப்பா என்றால் சமாதானம், நாகரிகம் என்று தொடங்குவார்கள். இவர் வெங்காயத்திலிருந்து தொடங்குவார். வெங்காயத்துக்கே இவ்வளவு என்றால் மனிதருக்கு எவ்வளவு என்று முடிப்பார்.

எழுபத்தொன்பதில் நடந்த முதல் ஐரோப்பியத் தேர்தலில் நின்று தோற்றார். எண்பத்துநாலில் வென்றார். எண்பத்தொன்பதில் தொளாயிரத்துப் பதின்மூன்று வாக்கால் மட்டுமட்டாக வென்றார். மாதம் ஒரு தடவை ஒரு பழுப்பு நிறத் தோல் பையோடு, பாராளுமன்றம் கூடும் ஸ்ட்ராஸ்பூர்க்குக்குப் போய் வந்தார். எண்பத்தெட்டாம் ஆண்டு தை மாதம் எல்லைப் படிவங்கள் பலவற்றைச் சேர்த்து ஒரே படிவமாக்கியபோது, அதில் ஒன்றைக் கண்ணாடி போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார். வருகிறவர்கள் ஏதோ பட்டச் சான்றிதழ் என்று நினைத்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கட்சியில் அவரை ஒருவருக்கும் பிடிப்பதில்லை. ஐரோப்பா ஒரே சமஷ்டியாக வேண்டும் என்று மேடையில் சொல்லுவார். இங்கிலாந்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே சனம் முகம் சுளிக்கும். மாஸ்ட்ரிக்ட்டில் ஐரோப்பியத் தலைவர்கள் கூடி அந்தச் சொல்லை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிட்டபோது, நீயும் எடுத்துவிடு என்று கட்சி எழுதியது. வசந்தமலர்தான் பதிலை ரைப் செய்தாள். இரண்டே வரி. "அவர்கள் அதை ஒப்பந்தத்திலிருந்து வெட்டினார்கள். என் வாயிலிருந்து வெட்டவில்லை."

அப்படிப்பட்டவரின் சொல்லுக்கு முன்னால் நின்ற சொல்லைத்தான் இவள் வெட்டியிருந்தாள்.

*

பதினொரு மணிக்கு பெர்னடெற் வந்தார். கூடவே தேர்தல் முகவர் கொலின். வசந்தமலர் கைப்பிரதியையும் நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடந்ததை ஒழுங்காகச் சொன்னாள். அதற்குள் பதினேழு ரெலிபோன் வந்திருந்தது. பதினொன்று நன்றி, ஆறு திட்டு.

கொலின் முதலில் சிரித்தான். பிறகு கணக்குப் போட்டான். கொமன்வெல்த் நாட்டுக்காரர் என்பதால் தொகுதியில் இருந்த தமிழர் எல்லாருக்கும் வாக்கு இருந்தது. "பதினொன்றுக்கு ஆறு. ஆயிரத்து நானூறு தமிழ் வாக்கில் இது பெரிய லாபம். தொட வேண்டாம். நீங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லையே. நீங்கள் சமஷ்டிக்காரிதானே."

பெர்னடெற் வசந்தமலரைப் பார்த்தார். "அவர்கள் வாசித்தது என்ன? சரியாகச் சொல்."

"இலங்கையில் தமிழருக்குச் சமஷ்டி ஆட்சி வேண்டும் என்று நீங்கள் சொல்லுவதாக."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"இல்லை."

"அந்தச் சொல் அங்கே அவ்வளவு பெரியதா?"

வசந்தமலர் நோட்டீஸில் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தாள். "எங்கள் ஊரில் ஒரு கட்சி இருந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ஃபெடரல் கட்சி. தமிழில் தமிழரசுக் கட்சி. ஒரே கட்சி. ஆங்கிலத்தில் வாசித்தவனுக்கு ஒன்று விளங்கும், தமிழில் வாசித்தவனுக்கு இன்னொன்று. அந்தச் சொல்லுக்காக என் அப்பா கச்சேரி என்கிற அரசாங்க அலுவலக வாசலில் சத்தியாக்கிரகம் இருந்து அடி வாங்கினவர். இங்கே சமஷ்டி என்றால் மேலே இருப்பவன் எங்களிடமிருந்து பறிக்கப் போகிறான் என்று பயப்படுகிறார்கள். அங்கே சமஷ்டி என்றால் கீழே இருப்பவனுக்குக் கொடுக்க வேண்டி வரும் என்று பயப்பட்டார்கள்."

பெர்னடெற் கதிரையில் இருந்து எழும்பி, சுவரில் இருந்த படிவத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"திருத்தம் அச்சடிக்க வேண்டும்."

"திங்கள் வங்கி விடுமுறை," என்றான் கொலின். "அச்சகம் செவ்வாய் வரை பூட்டு. புதன் கையில் கிடைத்தால் உண்டு. அதற்குப் பிறகு யார் கொடுப்பது? என் ஆட்களை நான் இதற்கு அனுப்ப மாட்டேன். உங்கள் ஆசனத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள்."

"நான் கொடுக்காத ஒரு வாக்குறுதியை நம்பி ஒருவர் மூன்று வான் பிடிக்கிறார், கொலின்."

வசந்தமலர் தன் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். சப்பாத்துப் பெட்டி ஒன்று. ஒன்பது வருடத்தில் அவள் கடிதம் எழுதிக் கொடுத்த வீடுகள், ஒரு வீட்டுக்கு ஒரு அட்டை, அகர வரிசையில்.

"அறுநூற்றுப் பதினெட்டு வீடு," என்றாள். "நோட்டீஸ் போன வீடுகள் இவைதான். கையால் ஒரு கடிதம் எழுதி இங்கேயே பிரதி எடுக்கலாம். ஒரு நாளைக்கு அறுபது வீடு நடந்தால் புதன்கிழமை, எட்டாம் திகதிக்குள் முடியும்."

"யார் நடப்பது?"

"பிழை விட்டது நான். நான் நடக்கிறேன்."

"பெயர் என்னுடையது," என்றார் பெர்னடெற். "சப்பாத்து மாற்றிக்கொண்டு வருகிறேன்."

*

கடிதம் சுருக்கமாகத்தான் இருந்தது. முதல் பந்தி, என்ன பிழை. இரண்டாவது, யார் பிழை. மூன்றாவது, பெர்னடெற் சொல்ல வந்தது என்ன. நான்காவது, இதைப் படித்த பிறகு உங்கள் வாக்கு உங்கள் விருப்பம். அடியில் இரண்டு கையெழுத்து.

ஆனி மாதத்துப் பகல் லண்டனில் சுலபத்தில் முடியாது. பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கினால் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பெர்னடெற் ஒரு பக்கத்து வீடுகள், வசந்தமலர் மறுபக்கத்து வீடுகள் என்று தொடங்கி, இரண்டாம் நாளே அதை விட்டுவிட்டார்கள். பெர்னடெற் தனியே போன வீடுகளில் வரி கேட்க வந்த கவுன்சில் ஆள் என்று நினைத்துக் கதவே திறக்கவில்லை.

ஓய்வு நாளில் தியாகராஜாவும் வந்தான். "இஞ்சரும், ஒரு சொல்லுக்கு இவ்வளவு நடையோ? ஒரு வசனத்தை வெட்டியிருந்தீர் எண்டா நாங்கள் டோவருக்கே நடந்திருப்பம் போல."

"கதைக்காமல் அந்தக் கேற்றைத் திறவுங்கோ."

நாலாம் நாள் றோஸ்மலர் என்ற பெண் கதவைத் திறந்தாள். கடிதத்தை வாங்கி வாசித்தாள். முகத்தில் குழப்பம்.

"எந்த நோட்டீஸ் அக்கா?"

"மஞ்சள் தாள். போன கிழமை போட்டது."

"ஓ, அதுவோ? அது நல்ல தடிச்ச தாள். அதுக்கு மேல வைச்சுத்தான் மீன் துப்பரவாக்கினனான்."

அவள் என்ன சொன்னாள் என்று பெர்னடெற் கேட்டார். வசந்தமலர் சொன்னாள். "பரவாயில்லை," என்றார் பெர்னடெற், "இன்றைக்கு என்னைச் சரியாகப் பயன்படுத்திய முதல் வாக்காளர்."

யோகராஜா தன் வீட்டு வாசலில் நின்றபடியே முழுவதையும் வாசித்தான். "அப்ப இது எங்கட நாட்டு விசயமே இல்லையோ?"

"இல்லைத் தம்பி."

"அப்ப நான் பேசினது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ." தாளை மடித்தான்.

"வோட்டு?"

"அதுதான் அக்கா இப்ப பிரச்சினை. கோவமெண்டா ஒரு முடிவு இருந்தது. ஐரோப்பாவைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லையே."

அந்தப் படிக்கட்டிலே அரை மணித்தியாலம் போயிற்று. பெர்னடெற் வெங்காயத்திலிருந்து தொடங்கினார்.

நன்றி சொன்ன வீடுகள்தான் கடினமாக இருந்தன. கடிதத்தை வாசித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஒருவர், "அப்ப எங்களுக்கெண்டு ஒருத்தரும் இல்லை," என்று தனக்குத்தானே சொன்னார். அப்படிப்பட்ட ஒவ்வொரு வீட்டையும் தாண்டும்போது பெர்னடெற்றின் நடை கொஞ்சம் வேகமாகும். ஒரு நாளும் அவர், இன்றைக்குப் போதும் என்று சொல்லவில்லை.

*

புதன்கிழமை பின்னேரம் ஒரு அட்டைதான் மிச்சம். அகர வரிசைப்படி அது முதல் நாளே போயிருக்க வேண்டிய அட்டை. அம்பலவாணன். வசந்தமலர் தன் வாழ்நாளில் வரிசையை மாற்றி வைத்த ஒரே அட்டை அதுதான்.

அம்பலவாணன் இருவரையும் முன்னறையில் இருத்தினார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர். அன்று தமிழில்தான் பேசுவேன் என்பது போல வசந்தமலரை மட்டும் பார்த்துப் பேசினார். கடிதம் அவர் கையில் ஏற்கெனவே இருந்தது. ஊர் முழுக்கப் போனது அவருக்குக் கிடைக்காமல் இருக்குமா?

"கடைசியா வாறாய்."

"ஓம் அண்ணை. பயத்தில."

"வசந்தமலர் எழுதினா பிழை வராது எண்டு சொல்லித்தான் நான் அறுபது வீட்டில கதைச்சனான்."

"பிழை என்ர அண்ணை. அவவின்ர இல்லை."

"பிழையெண்டு ஏன் நிக்கிறாய்? சரியாக்கலாம்தானே. அவவைக் கேள். இலங்கைக்கும் சமஷ்டி நல்லதெண்டு ஒரு வசனம், இந்தக் கதிரையில இருந்து சொல்லட்டும். எழுதவும் வேண்டாம். நாளைக்கு மூண்டு வானும் வரும்."

வசந்தமலர் மொழிபெயர்த்தாள். பெர்னடெற் கைகளை மடியில் வைத்தார். வீங்கியிருந்த கால்களைச் சப்பாத்திலிருந்து கொஞ்சம் வெளியே எடுத்திருந்தார்.

"சொல்லு அவருக்கு. எனக்கென்று ஒரு அபிப்பிராயம் இருக்கலாம். தேர்தலுக்கு முதல் நாள், மூன்று வானுக்குப் பதிலாக அதைச் சொன்னால் அது அபிப்பிராயம் இல்லை, வியாபாரம். உங்கள் நாட்டில் எனக்கு ஒரு வாக்கும் இல்லை. இன்றைக்கு நான் தலையாட்டினால், இவர் நாளைக்கு அறுபது வீட்டில் நான் ஏதோ செய்யப் போகிறேன் என்று சொல்லுவார். நான் செய்ய மாட்டேன். என்னால் செய்ய ஏலாது."

வசந்தமலர் ஒரு சொல்லையும் விடாமல் தமிழில் சொன்னாள். "மாட்டேன்" என்பதை மெல்லமாக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மெல்லமாக்கவில்லை.

அம்பலவாணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எங்கட ஊரில அந்தச் சொல்லுக்குப் பயந்தவை நாங்கள் பிரிஞ்சு போயிடுவம் எண்டு பயந்தவை. இஞ்ச ஏனாம் பயம்?"

"ஒன்றாகிப் போய்விடுவோம் என்று," என்றார் பெர்னடெற், மொழிபெயர்ப்பு முடிந்ததும்.

அம்பலவாணன் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு எழும்பிக் கதவைத் திறந்து விட்டார். ஒன்பது வருடத்தில் அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் வசந்தமலர் வெளியே வந்தது அன்றுதான்.

*

வியாழக்கிழமை வாக்கெடுப்பு. மற்ற நாடுகள் ஞாயிற்றுக்கிழமைதான் வாக்களிக்கும் என்பதால் பெட்டிகளை முத்திரையிட்டு ஞாயிறு வரை வைத்திருந்தார்கள். திங்கள் காலை குசினியில் றேடியோ சொன்னது. பெர்னடெற் குவின்லன் முந்நூற்று எண்பத்தெட்டு வாக்கால் தோல்வி.

"கேட்டனீரோ?" என்றான் தியாகராஜா.

"கேட்டன்."

"என்ன செய்யப் போறீர்?"

"ஒன்பது மணிக்கு வேலை."

அலுவலகத்தில் கொலின் சுவரொட்டிகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தான். "முந்நூற்று எண்பத்தெட்டு," என்றான், தலையை நிமிர்த்தாமல். "மூன்று வான், பகல் முழுக்க ஓடியிருந்தால்." அடுத்த சுவரொட்டியைச் சுருட்டினான்.

வசந்தமலர் மேசையில் இருந்தாள். பெர்னடெற்றிடம் என்ன சொல்லுவது என்று பஸ்ஸில் நாலு வசனம் யோசித்து இலக்கமிட்டு வைத்திருந்தாள். பெர்னடெற் வந்து கோட்டைக் கழற்றிக் கொழுவினார்.

"பதில் போடாத கடிதம் எத்தனை?"

"நாற்பத்தொன்று."

"புதிய பாராளுமன்றம் ஜூலை பத்தொன்பதாம் திகதி. அது வரைக்கும் நான்தான் உறுப்பினர். முதலாவதை எடு."

"நான் அந்த ஒரு சொல்லை—"

"நீ ஒரு சொல்லை வெட்டினாய். நாங்கள் அதைத் திருப்பி ஒட்டினோம். நான் தோற்றது வேறு கணக்கு. எழுபத்தொன்பதிலும் தோற்றேன், அப்போது நீ இங்கே இல்லை, யாரைக் குற்றம் சொல்லுவது?" பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அடுத்த தேர்தல் தொண்ணூற்றொன்பதில். தமிழ் நோட்டீஸைப் பெரிதாக அடிப்போம்."

கொலின் பெட்டியை மூடுவதை நிறுத்தி அவரைப் பார்த்தான். அவர் பகிடி விடவில்லை.

பதினொரு மணிக்குப் படியில் மெதுவான காலடி கேட்டது. அம்பலவாணன், கோட்டும் தொப்பியுமாக, கையில் ஒரு கடித உறையோடு நின்றார்.

"நான் வோட்டுப் போட்டனான்," என்றார், வந்ததும் வராததுமாக. "அவ அண்டைக்கு அசையாமல் இருந்த இருப்பில அவவுக்குத்தான் போட்டனான். வான் அனுப்பேல்லை. சனத்துக்கு என்னத்தைச் சொல்லி ஏத்துறது?"

"விளங்குது அண்ணை."

"டோர்ட்முண்டில மகள் கமலாம்பிகைக்குப் பிள்ளை பிறந்திருக்கு. போய்ப் பார்க்க விசா கேட்டனான், எம்பசிக்காரன் மறுத்திட்டான். ஒரு கடிதம் வேணும்."

கொலின் குறுக்கிட்டான். "புதிய உறுப்பினரிடம் போகச் சொல்லுங்கள்."

"ஜூலை பத்தொன்பது வரைக்கும் இந்த அறைதான்," என்றார் பெர்னடெற். அம்பலவாணனுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. தொப்பியைக் கழற்றி அவரைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். முதல் தடவையாக ஆங்கிலத்தில், "மேடம், குட் மோர்னிங்," என்றார்.

வசந்தமலர் ஒரு தாளை எடுத்து வலது மூலையில் திகதியைப் போட்டாள். அம்பலவாணன் கதிரையை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு இருந்தார். அவள் என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, ஒண்டையும் சுருக்காதே. இடம் காணாட்டி இன்னொரு தாளை எடு."

அவள் இன்னும் இரண்டு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்று என்று இலக்கமிட்டாள்.